கண் மூடாத சிலுவை

செப்டம்பர் 8, ரோம்

பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் பெயரை முதன்முதலாகக் கேட்டதும் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "நற்செய்தி எழுதுன லூக்கா ஊரா தம்பி?" என்றாள். அது லூக்கா, இது லுக்கா. இத்தாலியில் தஸ்கனிப் பக்கம், பட்டு வியாபாரத்தில் பணம் பார்த்த பழைய கோட்டை ஊர். அங்கே பேராலயத்தில் ஒரு பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறையுண்ட இயேசுவின் மரச் சிலை, இருக்கிறது. 'வோல்தோ சாந்தோ' என்கிறார்கள், திருமுகம் என்று பொருள். ஒவ்வொரு செப்டம்பர் 13ஆம் தேதி இரவும் ஊரே மின்விளக்கை அணைத்துவிட்டு மெழுகுதிரி வெளிச்சத்தில் அதற்குப் பவனி வருகிறது. அன்றிலிருந்து போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அக்காதான். முழங்கால் விடவில்லை. தனக்குப் பதிலாக அத்தானை அனுப்பிவிட்டாள்.

அத்தானுக்குத் தூத்துக்குடியில் மரப்பட்டறை. நாற்பது வருஷமாக உளி பிடிக்கிற கை. சப்பரம், பிரசங்க மேடை, பீடம் என்று எங்கள் பக்கத்துக் கோவில்களில் அவர் கை படாத மரம் குறைவு. "நீ சாமி கும்பிடு மாப்ள, நான் மரத்தப் பாக்க வாறேன்" என்று சொல்லித்தான் விமானம் ஏறினார்.

லுக்காவுக்கு நேராகப் போகாமல், வழியில் இதே மாதிரித் திருமுகப் படங்களையும் சுரூபங்களையும் பார்த்துக்கொண்டு போவதாகத் திட்டம். இன்று காலை புனித பேதுரு பேராலயம். குவிமாடத்தைத் தாங்கும் நான்கு பெரிய தூண்களில் ஒன்றில் வெரோணிக்கா நிற்கிறாள். சிலுவை சுமந்து போன ஆண்டவரின் முகத்தைத் துணியால் துடைத்தவள், அந்தத் துணியில் அவர் முகம் பதிந்தது என்பது கதை. பிரான்செஸ்கோ மோக்கி 17ஆம் நூற்றாண்டில் செய்த பளிங்குச் சிலை. துணியை விரித்துப் பிடித்தபடி ஓடி வருகிறாள், உடை முழுக்கக் காற்று. சிலுவைப் பாதையின் ஆறாம் தலத்தில் சின்ன வயதிலிருந்து பார்த்த வெரோணிக்கா அமைதியாக முழங்காலில் இருப்பாள். இவளோ கூட்டத்தைப் பார்த்து அலறுகிற மாதிரி இருக்கிறாள்.

அவள் தலைக்கு மேலே ஒரு மாடம். அங்கேதான் அந்தத் துணி இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று மட்டும், மாடத்திலிருந்து சில நிமிடம் தூக்கிக் காட்டுவார்கள். கீழே நிற்பவருக்குச் சட்டம்தான் தெரியும், முகம் தெரியாது என்கிறார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே அதிகம் பேர் தேடி வந்த முகம் இது. 1300ஆம் ஆண்டு யூபிலி என்னும் புனித ஆண்டுக்கு வந்த கூட்டத்துக்கு முக்கியமான காட்சியே இதுதான். குரோவாசியாவிலிருந்து வந்த ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, 'ஆண்டவரே, உம் முகம் இப்படித்தான் இருந்ததா?' என்று மனசுக்குள் கேட்பதாக இத்தாலியக் கவிஞர் தாந்தே எழுதியிருக்கிறார். வாசலில் பிரதி வரைந்து விற்பதற்கென்றே ஓவியர்கள் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் பாப்பரசர்கள் பிரதி எடுக்கத் தடை போட்டார்கள். அதற்கு முன்பு 1527இல் ரோமைச் சூறையாடிய படையினர் அந்தத் துணியைக் களவாடிக் குடிக்கும் கடைகளில் விற்றதாக ஒரு பேச்சு உண்டு. அப்படியானால் மேலே இருப்பது எது? மாடத்தின் கதவு பூட்டியிருந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

மதியம் ஸ்காலா சாங்தா. இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட பிலாத்துவின் மாளிகைப் படிகள் என்று நம்பப்படும் 28 பளிங்குப் படிகள், முழங்காலில்தான் ஏற வேண்டும். பளிங்கு தேயாமலிருக்க 1723இல் அதற்கு மரப்பலகை போட்டு மூடினார்கள். அத்தான் ஏற ஆரம்பித்தார். நான்காம் படியில் நின்றுவிட்டார். செபம் என்று நினைத்தேன். பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். "அக்ரூட் மரம். எத்தன முழங்கா இழச்சிருக்கு பாரு, இழைப்புளி போட்ட மாதிரி." பின்னால் வந்த பாட்டி தொண்டையைச் செருமிய பிறகுதான் நகர்ந்தார்.

மேலே கம்பிக் கதவுக்குள் பாப்பரசர்களின் பழைய தனிச் சிற்றாலயம். பீடத்தின் மேல் ஓர் ஆண்டவர் படம். மனிதக் கையால் வரையப்படாதது என்று சொல்லப்படுவது. 753இல் லொம்பார்தியர் படை ரோமை நெருக்கியபோது பாப்பரசர் இரண்டாம் ஸ்தேவான் இதைச் சுமந்துகொண்டு வெறுங்காலில் தெருவில் நடந்திருக்கிறார். இன்று தெரிவது பெரும்பாலும் வெள்ளித் தகடுதான். பாப்பரசர் மூன்றாம் இன்னொசெந்து போர்த்திய அந்தத் தகட்டின் திறப்பில் ஒரு முகம் தெரிகிறது. அதுவும் பழைய முகத்தின் மேல் பின்னால் ஒட்டிய துணியில் வரைந்தது. ஆக, முதல் நாளில் இரண்டு திருமுகங்களைத் தேடிப் போய், ஒரு பூட்டிய கதவையும் ஒரு மூடியையும் பார்த்தோம்.

செப்டம்பர் 9, மனோப்பெல்லோ

ரோமிலிருந்து கிழக்கே, அப்ருத்சோ மலைகளைத் தாண்டி, பேருந்தும் டாக்சியுமாக வந்து சேர்ந்தோம். டாக்சிக்காரர் கேட்ட தொகையை இங்கே எழுதினால் அக்கா படிப்பாள். வேண்டாம்.

ஊருக்குச் சற்று வெளியே கப்புச்சின் துறவிகளின் ஆலயம். பெரிய கூட்டமில்லை. பீடத்துக்கு மேலே இருபுறமும் கண்ணாடி போட்ட வெள்ளிச் சட்டத்துக்குள் ஒரு மெல்லிய துணி, 17க்கு 24 சென்டிமீட்டர். பள்ளிக்கூட நோட்டை விரித்த அளவுகூட இல்லை. பின்பக்கம் படிகள் இருக்கின்றன, ஏறிப் போய் மூக்கு உரசுகிற தூரத்தில் பார்க்கலாம். ரோமில் ஐம்பது அடிக்குக் கீழே நின்றுவிட்டு வந்தவர்களுக்கு இதுவே பெரிய விஷயம்.

முகம் இளைத்த முகம். ஒரு கன்னம் சற்று வீங்கியிருக்கிறது. வாய் கொஞ்சம் திறந்து பல் தெரிகிறது. தாடி அரைகுறை. நெற்றியில் ஒரு கொத்து முடி. கண் நன்றாகத் திறந்து, கொஞ்சம் மேல்நோக்கி. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அழகான முகமில்லை. நான் அந்தப் பக்கம் நகர்ந்தேன். வாசல் வெளிச்சம் துணிக்குப் பின்னால் வந்தது. முகம் காணாமல் போய்விட்டது. வெறும் வலைத்துணி, அதற்குப் பின்னால் ஆலயம். ஒரு அடி திரும்பி வந்தேன், மறுபடி முகம். இப்படி நாலைந்து தடவை சிறுபிள்ளை மாதிரி செய்து பார்த்தேன். முன்னும் பின்னும் ஒரே முகம், இடவலம் மட்டும் மாறி.

கதை இது: 1506இல், ஊர்க் கோவில் வாசலில் உட்கார்ந்திருந்த லியோனெல்லி என்ற மருத்துவரிடம் யாத்திரிகர் ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கொடுக்கிறார். பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். 1638இல் துணி கப்புச்சின் துறவிகளிடம் வந்து சேர்ந்தது. இதுதான் ரோமில் காணாமல் போன வெரோணிக்காவின் துணி என்று 1999இல் ஒரு யேசு சபைப் பேராசிரியர் அறிவித்தார். 2006 செப்டம்பர் முதல் தேதி பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் வந்து இதன் முன்னால் முழங்காலிட்டார். வந்தார், செபித்தார், இதுதான் அது என்று சொல்லவில்லை. துணியில் சாயமே இல்லை என்கிறது ஒரு சாரார். 16ஆம் நூற்றாண்டில் கைதேர்ந்த ஒருவன் வரைந்தது என்கிறது இன்னொரு சாரார்.

துணி கடல்பட்டு என்றும் சொல்கிறார்கள். பெரிய கடற்சிப்பி கடலடியில் ஒட்டிக்கொள்ள விடும் நாரை எடுத்து நூற்பது. முத்துக்குளித்த ஊர்க்காரர்களுக்குச் சிப்பியின் தாடி தெரியாததில்லை. "நம்ம ஊருல அத அறுத்துத் தூரப் போட்டுருவாங்க" என்றார் அத்தான். மரமில்லாத இடத்தில் அவருக்கு அவ்வளவாக வேலை இல்லை. ஆனாலும் கிளம்பும்போது மறுபடி ஒருமுறை தனியாகப் போய்ப் படி ஏறிவிட்டு வந்தார். ஏன் என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 10, அசிசி

அசிசியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் வந்தது புனித கிளாரா ஆலயத்தின் பக்கச் சிற்றாலயத்தில் தொங்கும் சான் தமியானோ சிலுவைக்காக. 12ஆம் நூற்றாண்டு, மரத்தில் வரைந்த சிலுவை. இடிந்து கிடந்த ஒரு சின்னக் கோவிலில் இதன் முன்னால் செபித்த இந்த ஊர்ப் புனிதர் பிரான்சிஸிடம், 'போய் என் வீட்டைப் பழுதுபார்' என்று இது பேசியது. அவர் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு கல் சுமக்கப் போனார்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தில் ஆண்டவர் தலை சாய்த்து, கண் மூடி, முள்முடியோடு இருப்பார். இதில் முள்முடி இல்லை. உடம்பு தொங்கவில்லை. கைகளை விரித்து நிற்கிறார், அவ்வளவுதான். கண்கள் அகலத் திறந்திருக்கின்றன. ஆணியில் இரத்தம் இருக்கிறது, வலி மட்டும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பலருக்கும் சிலுவை இப்படித்தான் தெரிந்திருக்கிறது: சாவை ஜெயித்த ராஜா அதன்மேல் ஏறி நிற்கிறார். கொலோன் பேராலயத்தில் 10ஆம் நூற்றாண்டிலேயே கண் மூடித் தொங்கும் பெரிய மரச் சிலுவை உண்டு. ஆனால் அந்த வலியின் முகம் எங்கும் பரவி மற்றதை ஓரங்கட்ட இன்னும் சில நூற்றாண்டுகள் ஆயின.

ஓவியத்தின் ஓரத்தில், காலருகே, ஒரு குட்டிச் சேவல் இருக்கிறது. சேவல் கூவுமுன் ஆண்டவரை மறுதலித்த பேதுருவுக்காக. தேடினால்தான் தெரியும். அக்காவுக்கு அந்தச் சேவலைப் படமெடுத்து அனுப்பலாம் என்றால், படமெடுக்கத் தடை.

செப்டம்பர் 11, சான்செபோல்குரோ

ஞாயிற்றுக்கிழமை இத்தாலியச் சிற்றூருக்குப் பேருந்தில் போகலாம் என்று நினைத்தது என் தப்பு. அரெத்சோ நிலையத்தில், கைபேசி காட்டிய பேருந்து வார நாளுக்கு உரியது. அடுத்தது வர இரண்டரை மணி நேரம். சரி என்று நிழலில் உட்கார்ந்தோம். அத்தான் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு, நிலையத்து மர பெஞ்சைக் குப்புறத் தலையை விட்டுப் பார்த்து, "கழுந்து வச்சு சேக்கல, ஸ்குரூ" என்று தீர்ப்பு சொன்னார்.

காத்திருந்ததற்குக் கூலி கிடைத்தது. சான்செபோல்குரோ பேராலயத்தில் எங்களைத் தவிர மூன்று பேர். இடப்பக்கம் ஒரு சிற்றாலயத்தில், லுக்காவின் திருமுகத்தைப் போன்ற இன்னொன்று நின்றது. ஆளைவிடப் பெரிய மரச் சுரூபம். நீண்ட கை வைத்த அங்கி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை. இடுப்பில் கச்சை, அதன் முடிச்சிலிருந்து இரண்டு முனை நேராகக் கீழே தொங்குகிறது. மடிப்புகள் தண்ணீர் ஓடின தடம் மாதிரி செங்குத்தாக இறங்குகின்றன. நம் ஊர்க்காரர்கள் பார்த்தால் முதலில் சிலுவை என்றே நினைக்க மாட்டார்கள், பூசை உடுப்புப் போட்ட குருவானவர் கைவிரித்து நிற்கிறார் என்பார்கள். தாடி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கண்கள் பெரிது. வெள்ளை தெரிகிறது. உங்களைத்தான் பார்க்கிறது. இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும்.

அத்தான் ரொம்ப நேரம் பேசவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு என்னை அருகில் கூப்பிட்டு, கையால் காற்றில் வரைந்து காட்டினார். உடம்பு ஒரே அடிமரம். கைகள் தனிமரம், தோளில் சேர்த்தது. "இவ்வளவு தடிச்ச மரத்த அப்படியே விட்டா காயக் காய நடுவால வெடிச்சிரும். முதுகுப் பக்கம் கொடஞ்சு குருத்த எடுத்திருப்பான். நான் வேளாங்கண்ணி மாதாவுக்கு அப்படித்தான் செஞ்சேன்." அந்த மடிப்பு ஒவ்வொன்றும் மரத்தின் இழை ஓடும் திசையிலேயே வெட்டியிருக்கிறது என்றார். இழைக்குக் குறுக்கே உளி போகவேயில்லை. எனக்கு அதுவரை அது அங்கியின் மடிப்பு. அதற்குப் பிறகு அது மரத்தின் மடிப்பு.

1980களில் இதைப் பழுதுபார்த்தபோது மரத்தைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். விடை 8, 9ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வந்தது. கலை வரலாற்றுக்காரர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. ஏனென்றால் லுக்காவில் இருப்பதுதான் மூலம், மற்றதெல்லாம் அதன் பிரதி என்பது கணக்கு. ஆனால் லுக்காவின் சுரூபத்தையே 12ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று நினைத்திருந்தார்கள். அப்படியானால் பிள்ளை தாயைவிட மூத்ததா? லுக்காவில் முதலில் இருந்த பழைய சுரூபமே இதுதான், புதியது செய்துகொண்டு பழையதை இங்கே தள்ளிவிட்டார்கள் என்றுகூட ஒரு வாதம் எழுந்தது. அந்த வழக்கு எப்படித் திரும்பியது என்பதை லுக்காவில் எழுதுகிறேன்.

ஊர் அருங்காட்சியகத்தில் பியெரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்த உயிர்ப்புச் சுவரோவியம். கல்லறை விளிம்பில் ஒரு காலை ஊன்றி, கையில் கொடியோடு, நேராகப் பார்க்கிறார் ஆண்டவர். பியெரோ இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பார்வையை எங்கே பார்த்தோம் என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 12, லுக்கா

வந்துவிட்டோம். ஊரைச் சுற்றிலும் மதில், மதில் மேல் மரங்கள், மரங்களுக்கடியில் சைக்கிள்கள். சாமான்களை வைத்துவிட்டு நேராக சான் மர்த்தீனோ பேராலயம். முகப்பில் அடுக்கடுக்காகக் குட்டித் தூண்கள், ஒன்று மாதிரி ஒன்றில்லை. முறுக்கியது, முடிச்சுப் போட்டது, பூ செதுக்கியது. அத்தான் எண்ண ஆரம்பித்தார், இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இடப்பக்க நடையில், ஆலயத்துக்குள் ஓர் ஆலயமாக, எண்கோண மண்டபம். மத்தேயோ சிவித்தாலி 1484இல் கட்டியது. பொன்பூச்சுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் வோல்தோ சாந்தோ.

அத்தான் முகம் விழுந்துவிட்டது. திருவிழாவுக்கு உடுத்திவிட்டார்கள்.

கறுப்பு வெல்வெட் அங்கி, ஓரமெல்லாம் பொன்சரிகை. தலையில் 17ஆம் நூற்றாண்டுப் பொன்முடி. கழுத்தில் பொன் ஆரம். காலில் வெள்ளிச் செருப்பு, வலது பாதத்துக்குக் கீழே ஒரு வெள்ளிக் கிண்ணம். மரம் என்று சொல்ல முகமும் கைகளும்தான் மிச்சம். வியாகுல மாதாவுக்குப் பட்டு உடுத்திப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆனால் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வந்து, வெல்வெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தச்சரை என்ன சொல்லித் தேற்றுவது?

பக்கத்திலிருந்த தூணில் சாய்ந்துகொண்டு அவருக்கு அந்த வழக்கின் முடிவைச் சொன்னேன். 2020இல், பேராலயத்தின் 950ஆம் ஆண்டையொட்டி, இந்தச் சுரூபத்தின் மரத்திலிருந்தும் அதில் ஒட்டியிருந்த துணியிலிருந்தும் துளித்துளியாக எடுத்து புளோரன்சில் இருக்கும் அணு இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கணித்தார்கள். 8ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 9ஆம் நூற்றாண்டின் முடிவுக்கும் இடையில். எல்லா மாதிரியும் ஒத்துப்போயின. பிரதி என்று பண்டிதர்கள் ஒதுக்கியது பிரதி இல்லை. மேற்கு ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மரச் சிற்பங்களில் ஒன்று. இந்தச் சுரூபம் 8ஆம் நூற்றாண்டில் வந்தது என்று ஊர்க் கதை முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. கிழவிகள் சொன்ன காலமும் இயந்திரம் சொன்ன காலமும் கிட்டத்தட்ட ஒன்று.

"அப்ப அங்க பாத்ததும் இதுவும் அண்ணன் தம்பி" என்றார் அத்தான். கொஞ்சம் சமாதானமாகியிருந்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார். நானும். நூற்றாண்டுக் கணக்கில் திரிப்புகை ஏறிக் கறுத்த முகம். நீண்ட மூக்கு, கன்னம் ஒட்டியது. தலை கொஞ்சம் முன்னால் குனிந்திருப்பதால் பார்வை கீழே விழுகிறது. சான்செபோல்குரோக்காரர் நேராகப் பார்க்கிறார், இவர் குனிந்து பார்க்கிறார். நாம் முழங்காலில் இருப்பது தெரிந்து செதுக்கியவன் வைத்த பார்வை.

செப்டம்பர் 13, லுக்கா

காலையில் சான் பிரெதியானோ ஆலயம். பவனி இங்கிருந்துதான் புறப்படும். ஏன் என்பதற்குச் சுவரிலேயே பதில் இருக்கிறது. அமிக்கோ அஸ்பெர்த்தினி 1500களின் தொடக்கத்தில் வரைந்த சுவரோவியங்களில் ஒன்று, சுரூபம் ஊருக்கு வந்த கதை.

ஆண்டவரை அடக்கம் செய்த நிக்கோதேமு நினைவிலிருந்து அவர் உருவத்தைச் செதுக்கினார். உடம்பெல்லாம் முடித்தும் முகம் மட்டும் வரவில்லை. களைத்துத் தூங்கி எழுந்தால், வானதூதர் முகத்தை முடித்துவைத்திருந்தார். ஆக, உடம்பு மனுசன் செய்தது, முகம் மட்டும் செய்யாதது. பெயர் திருமுகம் என்று வந்தது அதனால்தான். பல நூற்றாண்டு ஒளிந்திருந்த சுரூபத்தை ஓர் ஆயர் கனவில் கண்டு கண்டெடுத்து, யோப்பா துறைமுகத்தில் மாலுமியோ பாயோ இல்லாத கப்பலில் ஏற்றிக் கடலில் விட்டார். கப்பல் இத்தாலியின் லூனி கரைக்கு வந்தது. லூனிக்காரர்கள் பிடிக்கப் போனால் விலகிப் போனது. லுக்கா ஆயர் ஜொவான்னி வந்து நின்றதும் தானாகக் கரையேறியது. அப்புறம் யாருக்குச் சொந்தம் என்று சண்டை. நுகத்தடி பார்க்காத காளைகளை வண்டியில் பூட்டி விட்டார்கள், அவை லுக்கா பக்கம் நடந்தன. ஓவியத்தில் அந்த மாடுகளைப் பார்த்தேன். தங்களைச் சுற்றி இத்தனை ஆர்ப்பாட்டம் ஏன் என்று விளங்காத முகம்.

முதலில் சான் பிரெதியானோவில் வைத்தார்கள், மறுநாள் அது சான் மர்த்தீனோ பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது. அந்த இடப்பெயர்ச்சியைத்தான் ஒவ்வொரு ஆண்டும் நடந்து காட்டுகிறார்கள்.

வெள்ளிச் செருப்புக்கு வேறு கதை. கொடுக்கக் காசில்லாத ஒரு பாட்டுக்காரன் சுரூபத்தின் முன்னால் வாத்தியம் வாசித்தானாம். சுரூபம் தன் செருப்பைக் கழற்றி அவனிடம் போட்டது. திரும்பப் போட்டுவிடப் பார்த்தார்கள், பாதத்தில் நிற்கவில்லை. அந்தக் கிண்ணம் செருப்பைத் தாங்குவதற்கு வைத்தது.

பட்டு வியாபாரிகள் போன இடமெல்லாம் தங்கள் சாமியையும் கொண்டுபோனார்கள். பாரிசிலும் புரூஜிலும் அவர்களுக்குச் சிற்றாலயங்கள் இருந்தன. ஊர் அடித்த வெள்ளிக் காசில் இந்த முகம். இங்கிலாந்து ராஜா இரண்டாம் வில்லியம் கோபம் வந்தால் 'லுக்காவின் முகத்தின் மேல் ஆணை' என்று சத்தியம் செய்வான். தாந்தேயின் நரகத்தில், கொதிக்கும் கீலில் மிதந்து வரும் லுக்காக்காரனைப் பார்த்துப் பேய்கள் 'இங்கே திருமுகம் கிடையாது' என்று கேலி செய்கின்றன. ஊரின் பெயரைச் சொன்னாலே திருமுகம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

போன இடத்தில் வேடிக்கையும் நடந்தது. ஆல்ப்ஸுக்கு வடக்கே அங்கி போட்ட சிலுவை பழக்கமில்லாமல் போன பிறகு, இந்தப் பிரதிகளைப் பார்த்தவர்கள் குழம்பினார்கள். நீளப் பாவாடை, தாடி, சிலுவை. ஒரு பெண்தான் என்று முடிவுகட்டி, அவளுக்குக் கதையும் பிறந்தது: கட்டாயக் கல்யாணத்திலிருந்து தப்பிக்கச் செபித்து, ஒரே இரவில் தாடி முளைத்து, கோபக்கார அப்பனால் சிலுவையில் அறையப்பட்ட இளவரசி வில்கெபோர்த்திஸ். குழப்பத்தில் பிறந்தவள் என்றுதான் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இங்கிலாந்தில் பெண்கள் புருஷனிடமிருந்து விடுதலை கேட்டு இவளுக்கு ஓட்ஸ் காணிக்கை வைத்தார்களாம். அத்தானிடம் இதைச் சொன்னேன். "உங்க அக்காகிட்ட சொல்லிராத" என்றார்.

இரவு. ஏழு மணிக்கெல்லாம் தெருவில் நிற்க இடமில்லை. வீடுகளின் ஜன்னல் விளிம்பு, கதவு நிலை, ஆலய முகப்பின் வளைவு என்று கட்டடத்தின் ஒவ்வொரு கோட்டிலும் சின்னக் கண்ணாடிக் குடுவைகள் வரிசை. ஏணியில் நின்றுகொண்டு ஒரு பையன் ஒன்றொன்றாகப் பற்றவைத்துப் போனான். காற்றுக்கு அணைந்ததை மறுபடி. தெருவிளக்குகள் அணைந்தன. கூட்டத்திலிருந்து ஒரு மூச்சு. அதுவரை கல்லாக நின்ற தெரு, நெருப்புக் கோடுகளால் வரைந்த தெருவாகிவிட்டது. சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, அவற்றின் விளிம்பு மட்டும் நடுங்கிக்கொண்டு நிற்கிறது.

பவனி நீண்டது. பங்கு பங்காக, கொடிகளோடு, பழைய காலத்து உடையில், அமெரிக்கக் கண்டங்களுக்குக் குடியேறிப் போன லுக்காக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் ஊர் பெயர்ப் பலகை பிடித்துக்கொண்டு. இடைக்காலத்தில் லுக்காவின் கீழிருந்த ஊர்களெல்லாம் இந்த இரவில் மெழுகு கொண்டுவந்து செலுத்த வேண்டும், வராவிட்டால் அபராதம். பவனியில் சுரூபம் வருவதில்லை, அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஊர்தான் அதனிடம் போகிறது. சப்பரம் செய்தே பழகிய அத்தானுக்கு இது ஏற்கவில்லை. "சாமி தெருவுக்கு வரணும்" என்றார்.

கடைசியில் பேராலயத்தில் பாடகர் குழு. இந்தத் திருவிழாவுக்கென்றே பெரிய பாடல் இயற்றுவது இங்கே பழைய வழக்கம். ஓப்பரா இசையமைப்பாளர் புச்சீனியின் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்தவர்கள். உள்ளே நுழைய முடியவில்லை, வாசல் தூணருகே நின்று கேட்டோம். பிறகு வாணவேடிக்கை. சோம்பும் உலர்திராட்சையும் போட்ட லுக்கா ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு அறைக்கு வரும்போது நடுநிசி தாண்டிவிட்டது.

செப்டம்பர் 14, லுக்கா

திருச்சிலுவை மகிமைத் திருநாள். காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் அக்காவின் அழைப்பு. ஊரில் மூன்றரை மணி நேரம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. அவள் மணப்பாட்டில் இருந்தாள். அங்கேயும் இன்றுதான் திருச்சிலுவைத் திருவிழா. கடலோரத்து மணல்குன்றின் மேல் ஆலயம், பின்னால் காற்றின் இரைச்சல். புயலில் உடைந்த போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரத்தைச் சிலுவையாக நட்டது என்பது மணப்பாட்டுக் கதை, 1540 என்பார்கள். இங்கேயும் கப்பல்தான், மரம்தான், அதே தேதிதான். இதை நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது யோசித்திருக்கவில்லை.

"பாத்தீங்களா? முகம் எப்படிங்க இருக்கு?" என்று அத்தானைக் கேட்டாள்.

அத்தான் கொஞ்சம் யோசித்தார். மரத்தைப் பற்றி ஆரம்பிப்பார் என்று நினைத்தேன்.

"உங்க அப்பா மாதிரி" என்றார். "ராத்திரி பூரா வல விரிச்சிட்டுக் காலையில கர ஏறி வருவாருல்ல. அந்த மாதிரி. கறுத்து, கண்ணு மட்டும் முழிச்சிக்கிட்டு."

அக்கா பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது. பிறகு, "சரி, என் மெழுகுதிரிய ஏத்தியாச்சா?" என்றாள்.

நானும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நேற்று இரவு ஆயிரக்கணக்கில் திரி எரிந்தது. எங்கள் கையால் ஒன்றுகூட ஏற்றவில்லை. ரயில் 12 மணிக்கு. அத்தான் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சில்லறையைத் தேடிக்கொண்டே பேராலயத்துக்குள் திரும்ப நடந்தார்.